அயல்வீட்டுப் பாத்திரம்

அயல்வீட்டிலிருந்து பண்டம் வந்த பாத்திரத்தை வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுப்பது தமிழர் இல்லங்களில் வழக்கம் அன்று. ஒரு கை சர்க்கரையோ, இரண்டு வாழைப்பழமோ, ஒன்றும் இல்லாத நாளில் வீட்டின் பின்புறத்துச் செடியில் பறித்த நான்கு பச்சைமிளகாயோ அதில் இட்டுத்தான் திருப்புவர். தோட்டப்புற லயங்களில் வளர்ந்தவர்க்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஜப்பானியரிடத்தும் இதே வழக்கு உண்டு என்பது நம்மவரில் பலர் அறியாத செய்தி. அவர்கள் இதனை ‘ஒஉத்சுரி’ என்பர். முற்காலத்தில் ஒரு தீப்பெட்டியோ சில வெள்ளைத் தாள்களோ வைத்துத் திருப்புவது அவர்கள் முறை. தமக்குக் கிடைத்ததில் ஒரு பங்கை அண்டை வீட்டார்க்கு அளிப்பதற்கும் அம்மொழியில் ‘ஒசுசொவாகே’ என்று தனிச்சொல் உண்டு. ‘சுசோ’ என்பது உடையின் கீழ் ஓரம். ‘வாகே’ என்பது பகிர்வு. பெரிதாக ஒன்றும் இல்லை, ஓரத்தில் இருந்ததைத்தான் பகிர்கிறோம் என்னும் பணிவு அச்சொல்லில் அடங்கியுள்ளது.

பகிர்ந்துண்ணும் வழக்கில் இவ்வளவு ஒத்த இரு மக்களும் கிள்ளான் பள்ளத்தாக்கில் அருகருகே வாழ்கின்றனர். ஆயினும் ஒருவர் அடுக்களையில் வேகும் பொருளை மற்றவர் அறிந்திருப்பது மிகக் குறைவு. வணிக வளாகங்களில் சுற்றிவரும் பட்டையின்மேல் தட்டுத் தட்டாக வரும் சூஷியை உண்டுவிட்டு, ஜப்பானிய உணவை அறிந்துவிட்டதாக நம் இளைஞர் எண்ணுகின்றனர். இது, மாமாக் கடையில் ரொட்டி சானாய் தின்ற ஒருவர் தமிழ்வீட்டுச் சமையலை அறிந்துவிட்டேன் என்று கூறுவதை ஒக்கும். கடைச் சோறு வேறு, வீட்டுச் சோறு வேறு. கடைச் சோறு விலைக்கு மாறுவது. வீட்டுச் சோறு பாத்திரத்தில் மாறுவது. அவ்வாறு மாறும்போது அது எதை இழக்கிறது, எதைப் பற்றிக்கொள்கிறது என்பதே ஆராயத்தக்கது.

ஜப்பானியக் குடும்பங்கள் இங்கு நேற்று வந்தவை அல்ல. 1965-இல் நிறுவப்பட்ட மட்சுஷிதா மின்பொருள் நிறுவனம் ஷா ஆலத்தில் தொழிற்சாலை நடத்தியது. ஏறத்தாழ அக்காலத்திலேயே கோலாலம்பூரில் ஜப்பானியப் பிள்ளைகளுக்கெனத் தனிப்பள்ளியும் எழுந்தது. 1982-இல் பிரதமர் மகாதீர் ‘கிழக்கை நோக்கும் கொள்கை’யை அறிவித்த பின்னர், பொறியாளரும் மேலாளரும் குடும்பத்தோடு வந்து தங்குவது பெருகிற்று. அவர்களுட் பலர் மோன்ட் கியாராவின் அடுக்குமாடிகளைத் தேர்ந்தனர். அங்கிருந்து செலாயாங் அதிகத் தொலைவில் இல்லை. தம் பிள்ளைகள் தாய்நாட்டு வழக்கங்களை மறந்துவிடக் கூடாதென்று இவர்கள் 1977-இல் தொடங்கிய ‘போன் ஓடோரி’ என்னும் நடன விழா, ஷா ஆலத்தில் இன்று மலேசியர் பல்லாயிரவர் திரளும் விழாவாகிவிட்டது. பிள்ளைகளுக்குத் தாய்மொழி நழுவிவிடுமோ என்று அஞ்சிப் பள்ளியும் விழாவும் நடத்துவது நமக்குப் புதிய செய்தி அன்று. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. அவர்கள் பெரும்பாலும் மூன்று அல்லது ஐந்து ஆண்டில் ஊர் திரும்புவோர். நம் முன்னோர் திரும்பவில்லை. திரும்பிச் செல்வோன் தன் சமையலை மாற்றிக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. ஆதலின் அவன் அதனை அயலார்க்கு அளிப்பதும் தன் விருப்பத்தால் நிகழ்வதே.

ஊர்ப் பொருள் இல்லாத இடத்தில் ஊர்ச் சமையல் எவ்வாறு நடக்கும்? செலாயாங்கில் கோலாலம்பூர் மாநகராட்சியின் மொத்தச் சந்தை உள்ளது. கேமரன் மலையின் காய்களும் கரையோரத்து மீனும் இரவோடு இரவாக இறங்கும் இடம் அது. விடியுமுன் அங்கே சென்றால், ஜப்பானிய இல்லத்தரசிக்கு வேண்டியவற்றுள் பாதிக்குமேல் கிடைத்துவிடும். அவள் ‘தைக்கோன்’ என்பது நம் வெள்ளை முள்ளங்கியே. கத்தரிக்காய், பூசணி, சர்க்கரைவள்ளி, வெங்காயத்தாள், இஞ்சி ஆகியவை இரு வீட்டுக்கும் பொது. பூசணிக்கு அவர்கள் வழங்கும் ‘கபோச்சா’ என்ற பெயரே கம்போடியா என்ற நாட்டுப் பெயரின் திரிபு என்பர். போர்த்துகீசியர் அங்கிருந்து கொண்டுபோய்க் கொடுத்த காயாம் அது. ஆகவே ஜப்பானியர் அடுக்களையும் பலர் பாத்திரம் வந்துசென்ற அடுக்களைதான்.

அவர்கள் அன்றாடச் சாப்பாட்டின் அமைப்பு எளியது. நடுவே சோறு, அதனுடன் ஒரு சாறு, பக்கத்தில் சிறு சிறு கிண்ணங்களில் ஒன்று முதல் மூன்று வரை துணைக்கறிகள், ஓரத்தில் ஊறுகாய். நம் இலையின் அமைப்பை அறிந்தவர்க்கு இதில் வியப்பில்லை. வேறுபாடு மணத்தில் தொடங்குகிறது. நம் சமையலின் முதல் மணம் தாளிப்பில் எழுவது. கடுகு வெடித்தால்தான் அடுப்பில் ஏதோ ஆகிறது என்று தெருவுக்குத் தெரியும். ஜப்பானியச் சமையலில் எண்ணெய் முதலில் வருவதில்லை. ‘தாஷி’ என்னும் ஒரு தெளிந்த சாற்றில் அது தொடங்குகிறது. சாறும் குழம்பும் அவியலும் எல்லாம் இதன்மேல் எழுப்பப்படுவன. இந்தத் தாஷியை அறியாமல் ஜப்பானியச் சமையலைச் செய்ய முயல்வது, புளியை அறியாமல் ரசம் வைக்க முயல்வதைப் போன்றது.

தாஷியின் இரு மூலப்பொருள்கள் ‘கொம்பு’ என்னும் கடற்பாசியும், ‘கட்சுஒபுஷி’ என்னும் உலர்மீனும் ஆகும். பின்னதன் பெயரைக் கேட்டு மருள வேண்டியதில்லை. சூரை மீனை அவித்து, புகையூட்டி, மரக்கட்டைபோல் இறுகும்வரை உலர்த்துவதே அதன் செய்முறை. சிறந்த வகைக்கு அதன்மேல் ஒருவகைப் பூஞ்சையையும் வளரவிடுவர். பிறகு இழைப்புளியில் மரத்தைச் சீவுவதுபோல் சீவி வெந்நீரில் இடுவர். மாலத்தீவிலிருந்து இலங்கைக்கும் தென்தமிழ்நாட்டுக் கரைக்கும் வந்த மாசிக் கருவாடும் அதே சூரை மீனே. அவித்துப் புகையூட்டி உலர்த்தும் முறையும் ஏறத்தாழ அதுவே, பூஞ்சை ஒன்றுதான் இல்லை. பிரிக்பீல்ட்ஸில் இரயில்வே ஊழியராய்க் குடியேறிய யாழ்ப்பாணத்தார் வீடுகளில் மாசிச் சம்பல் அறியாத வீடு அரிது. ஜப்பானிய அம்மையார் ஒருவர் அந்தக் கட்டையை முகர்ந்தாரானால் ஊர் நினைவு வந்து கண் கலங்குவார் என்பதில் ஐயமில்லை. இருபது ஆண்டு அடுத்தடுத்து வாழ்ந்தாலும், இரு வீட்டாரும் தத்தம் மாசியை மூடி வைத்திருந்தால் இவ்வுறவு வெளிப்படாது.

சைவ உணவினர்க்கு மாசி ஆகாது. அவர்கட்கும் ஜப்பானியச் சமையலில் வழி உண்டு. பௌத்த மடங்களில் மீனும் இறைச்சியும் விலக்கிய ‘ஷோஜின்’ சமையல் பல நூற்றாண்டாக இருந்துவருகிறது. அங்கே தாஷி, கொம்புப் பாசியையும் உலர்ந்த காளானையும் ஊறவைத்து எடுக்கப்படும். கொம்புப் பாசிக்குள் இருக்கும் சுவை எது என்று வினவி, 1908-இல் அதைப் பிரித்தெடுத்தவர் கிக்குனே இக்கேதா என்னும் தோக்கியோ வேதியியல் பேராசிரியர். ‘உமாமி’ என்று அவர் பெயரிட்ட அச்சுவை நம் அறுசுவைப் பட்டியலில் இல்லை. கைப்பு, இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, துவர்ப்பு, கார்ப்பு என்று மாணவர் ஒப்பிக்கும்போது ஆசிரியர் நினைவில் கொள்ளத்தக்க செய்தி இது. அடுத்த ஆண்டே அது தூளாக்கப்பட்டு ‘அஜினோமோட்டோ’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அந்நிறுவனம் மலாயாவில் 1961-இல் கால்கொண்டது. ஆக, நம்மவர் அடுக்களையில் இவ்வாறு நுழைந்த ஜப்பானியப் பொருள் ஓர் உணவு அன்று. ஓர் உணவிலிருந்து பிரித்த தூள். சாற்றை அறியாமல் சாற்றின் உப்பை மட்டும் வாங்கியவர்கள் நாம். கடை வழியாக வரும் அறிவு பெரும்பாலும் இப்படித்தான் அரைகுறையாக வருகிறது.

சோற்றுக்கு வருவோம். ஜப்பானிய அரிசி குட்டையானது. வெந்தால் ஒன்றோடொன்று ஒட்டும். இங்குள்ளோர் இதனைப் புளூட் அரிசி என்று மயங்குவதுண்டு. புளூட் வேறு, அது முற்றும் பசைபோல் ஆகும். ஜப்பானியரும் அதனைத் தனியே வைத்து மாப்பண்டங்களுக்கும் விழாச் சோற்றுக்கும் பயன்படுத்துவர். அன்றாட அரிசி, கையால் பிடித்தால் பிடித்தபடி நிற்கும். விட்டால் வாயில் உதிரும். இதனைக் கொண்டு செய்வதே ‘ஒநிகிரி’. ‘நிகிரு’ என்னும் வினைக்குப் பொருள் கையால் இறுகப் பிடித்தல். பிடிகொழுக்கட்டை என்ற நம் சொல்லில் நிற்கும் ‘பிடி’ இதற்கு நேரான சொல். ஈரக்கையில் உப்பைத் தடவிக்கொண்டு சூடான சோற்றைப் பிடித்து, நடுவே உப்பிட்டு உலர்த்திய புளிப்புக் கனி ஒன்றைப் புதைத்து, பிள்ளைக்குப் பள்ளிக்குக் கொடுத்தனுப்புவர். அந்தக் கனி சோறு கெடாமல் காக்கும் என்பது அவர்கள் அனுபவம். பால்மரம் வெட்டப் போனவர் தூக்குச்சட்டியில் பழஞ்சோற்றின்மேல் எலுமிச்சை ஊறுகாயை வைத்தது எதற்காக? சுவைக்காக மட்டும் அன்று. ஒநிகிரியை முதலில் காணும் தமிழ்த்தாய்க்கு அதனை விளக்கச் சொற்பொழிவு வேண்டா. கட்டுச்சோறு என்று ஒரு சொல் கூறினால் போதும்.

மற்றொன்று ‘தெம்புரா’. காயையும் இறாலையும் மாவில் தோய்த்துப் பொரிப்பது. நம்மவர் கண்டதும் பஜ்ஜி என்பர். தவறில்லை. ஆயினும் கடலைமாவு கனமாய் ஒட்டும். தெம்புராவுக்குக் கோதுமை மாவைக் குளிர்ந்த நீரில் அரைகுறையாகக் கலக்கி மெல்லிய போர்வையாக மட்டும் இடுவர். இதுவும் போர்த்துகீசியர் வழியாக அந்நாடு புகுந்த முறையே.

இனிக் கறியைப் பற்றிக் கூற வேண்டும். இது தமிழாசிரியர்க்கு உரிய பகுதி. சங்க நூல்களில் கறி என்பது மிளகைக் குறித்தது. யவனர் மரக்கலங்கள் முசிறியில் பொன்னை இறக்கி மிளகை ஏற்றிச் சென்றதை அகநானூறு பேசும்போதும் ஆளப்படும் சொல் கறியே. பின்னர் அச்சொல் மிளகிட்டுச் சமைத்த உணவையும், காய்கறியையும், ஊனையும் குறிக்கலாயிற்று. போர்த்துகீசியர் அதனைக் கடற்கரையில் கேட்டுத் தம் மொழிக்குக் கொண்டனர். ஆங்கிலேயர் அதனைத் தமதாக்கி, எல்லாக் குழம்புக்கும் ஒரே பெயராக்கி, ஒரே தூளாகவும் ஆக்கினர். மெய்ஜிக் காலத்து ஜப்பானியர் மேலைநாட்டு நாகரிகம் கற்றபோது அந்தத் தூளையும் மேலைநாட்டுப் பொருளாகவே கற்றனர். 1872-இல் வெளிவந்த ஜப்பானியச் சமையல் நூல்களில் அது மேலைச் சமையலின் கீழ் இடம் பெற்றுள்ளது. இன்று ‘கரே’ என்னும் அவ்வுணவு ஜப்பானியப் பிள்ளைகள் பெரிதும் விரும்பும் வீட்டுச் சாப்பாடு. வெங்காயம், காரட், உருளைக்கிழங்கு, இறைச்சி ஆகியவற்றை வேகவைத்து, கொழுப்பில் வறுத்த கோதுமை மாவும் மசாலைத் தூளும் சேர்த்துக் கெட்டியாக்கிச் சோற்றின் பக்கத்தில் ஊற்றுவர். காரம் குறைவு, இனிப்பு உண்டு. 1963-இல் ஆப்பிளும் தேனும் சேர்த்த கரேக் கட்டி ஒன்று விற்பனைக்கு வந்தது முதல் இனிப்பு இன்னும் நிலைத்துவிட்டது.

தமிழும் ஜப்பானிய மொழியும் ஒரே மரபின என்று பேராசிரியர் சுசுமு ஓனோ நெடுங்காலம் வாதிட்டார். நம் பொங்கலையும், சனவரி 15-ஆம் நாள் ஜப்பானியர் செம்பயற்றுக் கஞ்சி காய்ச்சும் சிறு புத்தாண்டையும் ஒப்பிட்டார். மொழியியலார் பெரும்பாலோர் அவர் முடிவை ஏற்கவில்லை. நம் மேடைகளில் மட்டும் அது முடிந்த முடிபாக முழங்கப்படுகிறது. ஐயத்துக்குரிய ஆயிரம் சொற்களை அடுக்குவதினும், வந்த வழி தெளிவாகத் தெரியும் இந்த ஒரு சொல்லைக் கற்பிப்பது மேல். மலாய்மொழியில் ‘காரி’யாக நேரே நம்மிடமிருந்து போனதும், ஜப்பானில் ‘கரே’யாக இரு வெள்ளையர் கைமாறிப் போனதும் அதே சொல். இப்போது அது ஜப்பானிய இல்லத்தரசியின் பாத்திரத்தில் தமிழ்வீட்டுக் கதவை வந்து தட்டுகிறது.

தட்டினாலும் உள்ளே செல்வது எளிதன்று. கடையில் விற்கும் கரேக் கட்டிகள் பலவற்றில் மாட்டுக்கொழுப்போ பன்றிக்கொழுப்போ கலந்திருக்கும். முன்னது இந்துக்கட்கு ஆகாது. பின்னது முஸ்லிம்கட்கு ஆகாது. மிரின், சாக்கே ஆகிய அரிசி மதுக்கள் இல்லாத ஜப்பானியக் குழம்பு குறைவு. அதுவும் முஸ்லிம் வீட்டுக்குச் செல்லாது. ஜப்பானில் அடுத்த வீட்டாரிடம் இவ்வளவு வினாவ வேண்டிய தேவை எழுவதில்லை. இங்கே வந்த பிறகே, அளிப்பதற்கு முன் கேட்க வேண்டும் என்பதை அவர்கள் கற்கின்றனர். தீபாவளிப் பலகாரத் தட்டில் எதை வைக்கலாம், எதை வைக்கலாகாது என்பதை நம் தாய்மார் மூன்று தலைமுறையாக அறிந்து வைத்திருப்பது இந்நாட்டுக் கல்வி. எப்பாடநூலிலும் இல்லாத கல்வி. இக்கல்வியில் நாம் ஜப்பானியர்க்கு ஆசிரியராகலாம். கட்டியை விட்டுவிட்டு, வெண்ணெயில் கோதுமை மாவை நிறம் மாற வறுத்து, மசாலைத் தூளைச் சேர்த்துத் தாமே கூட்டினால் இடர் எல்லாம் நீங்கும். இறைச்சிக்குப் பதில் பூசணியும், சாற்றுக்குக் கொம்புப் பாசியும் இட்டால் வெள்ளிக்கிழமையிலும் தடையில்லை. மிரினுக்கு ஈடாகச் சிறிது சர்க்கரை போதும். வீட்டுச் சமையல் இவ்வாறு விட்டுக்கொடுக்கும். கடைப்பண்டம் உறைமேல் அச்சிட்டபடியே நிற்கும்.

திருப்பி அனுப்பும் பாத்திரத்தில் நம்மவர் எதை வைக்கலாம்? கோழிக்குழம்பு, மட்டன் பிரட்டல் என்று காரத்தில் தொடங்குவது பலர் செய்யும் பிழை. ஜப்பானிய நாக்கு மிளகாய்க்குப் பழகாதது. ரசம் ஏற்றது. கிண்ணத்தை இரு கையால் ஏந்தி, கரண்டி இல்லாமல் வாயருகே வைத்து உறிஞ்சுவது அவர்கள் சாறு அருந்தும் முறை. கையில் ஊற்றி ரசம் குடித்து வளர்ந்தவர்க்கு அது விகாரமாகத் தோன்றாது. இட்டிலியும் ஏற்றதே. அவித்த சோயா அவரையைப் பூஞ்சையேற்றிய அரிசியோடும் உப்போடும் மாதக்கணக்கில் நொதிக்கவிட்டு ‘மிசோ’ செய்யும் மக்களுக்கு, அரிசியும் உளுந்தும் ஓர் இரவில் பொங்குவது புரியும். புளிப்பின் அருமை அறிந்தவர்கள் அவர்கள்.

இவ்வளவும் இளையோர்க்கு எளிது. முதியோர் இருந்த வீடுகளில் ஜப்பான் என்ற சொல் சோற்றை நினைவூட்டியதில்லை, சோறில்லாமையை நினைவூட்டியது. 1942 சனவரி 11-ஆம் நாள் ஜப்பானியப் படை கோலாலம்பூரில் புகுந்தது. மலாயா தனக்கு வேண்டிய அரிசியில் பெரும்பகுதியை வெளியிலிருந்து வாங்கிய நாடு. கப்பல் நின்றது, அரிசியும் நின்றது. ரப்பருக்கு விலையில்லை; தோட்டத்தில் கூலியில்லை. மூன்றரை ஆண்டுக்காலம் மரவள்ளிக்கிழங்கே சோறாயிற்று. கிழங்கை அவித்தனர், மாவாக்கினர், அடையாக்கினர், இலையையும் கீரையாக்கினர். அந்தத் தலைமுறையினரில் பலர் பிற்காலத்தில் மரவள்ளிக்கிழங்கைத் தட்டில் கண்டாலே எழுந்துவிடுவர். அதனினும் கொடியது சயாம். 1942-க்கும் 1943-க்கும் இடையில் சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை இடப்பட்டபோது, தோட்டங்களிலிருந்து தமிழர் பல்லாயிரவர் கொண்டுசெல்லப்பட்டனர். வாந்திபேதியிலும் பசியிலும் மடிந்தவர்க்குச் சரியான கணக்கே இல்லை. திரும்பாத தகப்பனுக்குத் திதி கொடுக்க நாள் தெரியாத குடும்பங்கள் இப்பள்ளத்தாக்கில் பல.

அத்தகைய வீட்டின் கதவை ஒரு ஜப்பானியப் பாத்திரம் தட்டினால், பாட்டி அதனை வாங்க மறுத்தாளாயின் அவளைப் பண்பற்றவள் என்று கூறல் தகாது. பேரப்பிள்ளைகள் அவளுக்கு அறிவுரை கூறுவதினும், அவள் மறுப்பின் காரணத்தைக் கேட்டு எழுதிவைப்பது நன்று. கொண்டுவந்த பெண்ணுக்கும் அக்காரணம் பெரும்பாலும் தெரியாது. இருப்புப்பாதையில் மடிந்தவர்களுள் மேலைநாட்டுப் போர்க்கைதிகளை உலகம் அறிந்த அளவு தமிழ்த் தொழிலாளரை அறியவில்லை. சொல்லாமல் மறுத்தால் இருவருக்கும் நட்டம். சொல்லிவிட்டு மறுத்தால் ஒருத்தியாவது அறிந்துகொண்டாள்.

ஆயினும் அதே ஜப்பானியர் காலம் நம்மவர்க்கு இரண்டு முகம் காட்டியது. ஒரே லயத்தில் ஒருவன் சயாமுக்குப் பிடிபட்டான். அவன் தம்பி இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தான். தங்கை ஜான்சிராணிப் படைக்குப் பெயர் கொடுத்தாள். அப்படைக்குப் பின்னணியாய் நின்ற இந்திய சுதந்திர லீக்கின் தலைவராய் முதலில் இருந்தவர் வங்கத்து இராசபிகாரி போசு. 1943 சூலை 4-இல் சிங்கப்பூரில் அத்தலைமையை நேதாஜியிடம் ஒப்படைத்தவர் அவரே. அவரைப் படைத்துறைச் செய்தியில் அறிந்தவர் பலர். அடுக்களைச் செய்தியில் அறிந்தவர் சிலர்.

1915-இல் ஆங்கில அரசுக்குத் தப்பி ஜப்பான் சேர்ந்த போசுவை, தோக்கியோவின் சிஞ்சுக்கு வட்டாரத்தில் நாக்காமுராயா என்னும் ரொட்டிக் கடை நடத்திய சோமா தம்பதியர் ஒளித்துக் காத்தனர். அவர்கள் மகள் தோசிகோவை அவர் 1918-இல் மணந்தார். 1925-இல் அவளை இழந்தார். தோக்கியோவில் கரே என்று பரிமாறப்பட்ட மாவுக் குழம்பை அவரால் பொறுக்க முடியவில்லை. ஆங்கிலேயன் தன் நாட்டை மட்டும் அன்றித் தன் நாட்டுக் கறியையும் கெடுத்தான் என்பது போன்ற சினம் அவருக்கு இருந்திருக்க வேண்டும். மாமனார் கடை 1927-இல் உணவகப் பகுதி தொடங்கியபோது, மாவு சேர்க்காமல், எலும்போடு கூடிய கோழியும் நல்ல மசாலையும் இட்டுத் தம் வீட்டு முறையில் கறி சமைக்கக் கற்றுக்கொடுத்தார். பிற கடைகளில் பத்துப் பன்னிரண்டு சென் விற்ற கரேக்கு எதிரே, இது எண்பது சென். விலை கண்டும் மக்கள் வந்தனர். போசு 1945 சனவரியில் தோக்கியோவில் மறைந்தார். அவர் கறி அக்கடையில் இன்றும் விற்கப்படுகிறது. அவரோடு லீக்கில் பணியாற்றிய திருவனந்தபுரத்து நாயர் ஒருவர், ஏ. எம். நாயர், போர் முடிந்தபின் 1949-இல் தோக்கியோவின் கின்சா வட்டாரத்தில் ஓர் உணவகம் திறந்தார். அதுவும் நடந்துவருகிறது.

மலாயாத் தமிழர்க்கும் ஜப்பானியர்க்கும் இடையே குருதி சிந்துவதற்கு முன்பே, போசுவின் கறி சிஞ்சுக்குவின் மேசைகளில் இடம்பெற்றிருந்தது. இவ்விரண்டையும் ஒரே பாடத்தில் கற்பிக்க இயலுமா என்று வரலாற்றாசிரியர் தயங்கலாம். தயங்க வேண்டியதில்லை என்றே தோன்றுகிறது. பிள்ளைகள் ஒன்றை அறிந்து மற்றொன்றை அறியாமல் வளர்வதே தீது.

கரேயைப் பற்றி இன்னொரு செய்தி உண்டு. ஜப்பானிய வீடுகளில் முதல்நாள் இரவு சமைத்த கரே மிஞ்சினால் வருந்துவதில்லை. மிஞ்ச வேண்டுமென்றே பெரிய பானையில் வைப்பாரும் உளர். மறுநாள் சூடேற்றும்போது உருளைக்கிழங்கின் ஓரம் கரைந்து, மசாலை உள்ளே இறங்கி, குழம்பு இறுகிச் சுவை கூடும். ‘இரண்டாம் நாள் கரே’ என்று அதற்குப் பெயரே இட்டுள்ளனர். நம் மீன்குழம்பும் அப்படியே; மண்சட்டியில் மூடிவைத்து மறுநாள் காலை இட்டிலிக்கு ஊற்றினால்தான் அது குழம்பு. மிஞ்சிய கறிகளையெல்லாம் ஒன்றாய்ச் சுண்டவைத்த சுண்டக்கறிக்குப் பிள்ளைகள் சட்டியைச் சுற்றி உட்கார்வதும் பழைய வழக்கு. கேட்டுக்கேட்டுக் கொழுப்பும் மதுவும் நீக்கிச் செய்த கரேப் பாத்திரம் அயல்வீட்டிலிருந்து மாலையில் வந்தால், பாதியை அன்றே உண்டுவிட்டு மீதியை அடுப்படியில் மூடிவைக்கலாம். பாத்திரத்தைத் திருப்ப அவசரமில்லை. நாளைக் காலை ரசம் வைத்த பிறகு அனுப்பலாம்.